நானே வேலையை விட்டால் பணிக்கொடை இல்லை என்கிறார்கள், உண்மையா?

கனகராயன் எழுதியது:

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். 6 வருடமும் 7 மாதமும் ஆகிறது. வவுனியாவில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, வீட்டுக்கும் கிட்ட. போக முடிவெடுத்துவிட்டேன்.

முதலாளியிடம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது சேவைக் காலத்துக்காகத் தரும் பணிக்கொடை பற்றிக் கேட்டேன். "நீயாத்தானே விட்டிட்டுப் போறாய், நான் நிற்பாட்டேல்லையே. பிறகென்ன காசு?" என்றார். கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். என்னோடு வேலை செய்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இன்னொன்று, ஆலையில் நிரந்தரமாக நிற்பது 11 பேர்தான். 15 பேர் இருக்க வேண்டுமாம். அப்போ எனக்கு ஒன்றும் இல்லையா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொச்சி எழுதியது:

தம்பி, உங்களுக்கு உரிமை இருக்கிறது. இலங்கையின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம் வேலை முடிந்த விதத்தைப் பார்த்து ஆளைத் தள்ளுவதில்லை. முதலாளி நிறுத்தினாலும், நீங்களே விலகினாலும், ஓய்வு பெற்றாலும், ஆள் இறந்துபோனாலும் அது சேவை முடிவுதான். இறந்தால் உரித்தாளிகளுக்குப் போகும். அது பார்ப்பது இரண்டை. ஒன்று, அந்தத் தொழில் தருநரிடம் 5 வருடம் பூர்த்தியாகியிருக்கிறதா? மற்றது, சேவை முடிவதற்கு முந்திய 12 மாதத்துக்குள் ஏதாவது ஒரு நாளில் அவரிடம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தார்களா?

அந்த "ஏதாவது ஒரு நாள்" என்பதைக் கவனியுங்கள். உங்களுடையது நெல் ஆலை. காலபோக அறுவடை முடிந்து நெல் குவிகிற மாசி, பங்குனியில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? மூட்டை இறக்க, காயப்போட, அவிக்க என்று நாட்கூலிக்கு வருபவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். நியமனக் கடிதம் இல்லை, வாய்ப்பேச்சில் வந்தவர்கள் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். அந்த ஒரு நாளில் 15ஐத் தொட்டிருந்தால் போதும். நாட்கூலிப் புத்தகம் உங்கள் கையால்தானே எழுதப்படுகிறது? அதைப் பாருங்கள்.

முதலாளிக்கு வேறு கடை, களஞ்சியம் ஏதும் இருக்கிறதா? ஒரே ஆளின் பெயரில் இருந்தால் அங்கே நிற்பவர்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். தனிக் கொம்பனியாகப் பதிந்திருந்தால் அது வேறு கதை.

கனகராயன் எழுதியது:

அக்கா, நன்றி. புத்தகத்தைப் புரட்டினேன். பங்குனி மாதத்தில் ஒரு கிழமை முழுக்க 19 பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். 8 பேர் நாட்கூலி அட்டவணையிலும் மற்றவர்கள் மாதச் சம்பளத்திலும். முதலாளிக்கு ஒரு ஹாட்வெயார் கடையும் இருக்கிறது, அதுவும் அவரது பெயரில்தான்.

எவ்வளவு வரும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? அடிப்படைச் சம்பளம் 42,000. வாழ்க்கைச் செலவுப்படி 3,000. மேலதிக நேரம் மாதத்துக்கு மாதம் மாறும்.

நொச்சி எழுதியது:

மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில்தான் எல்லா வருடத்துக்கும் கணக்கு, சேர்ந்த காலத்துச் சம்பளத்தில் அல்ல. அடிப்படையும் வாழ்க்கைச் செலவுப்படியும் அதையொத்த படிகளும் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது.

உங்களுக்கு 45,000இல் பாதி 22,500. 6 வருடத்துக்கு 135,000 ரூபாய். அந்த 7 மாதத்துக்குக் காசு இல்லை, பூர்த்தியான வருடம் மட்டும்தான். இன்னும் 5 மாதம் நின்றால் 7 வருடமாகி 157,500 வரும். புது இடத்தில் பொறுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பொறுக்கமாட்டார்கள் என்றால் 22,500க்காக நல்ல வேலையை விட வேண்டாம், அது என் அபிப்பிராயம்.

நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. நாளுக்கு 2,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 9 வருடம் மூட்டை தூக்கியிருந்தால் 252,000. உங்கள் ஆலையில் அப்படி நீண்ட காலமாக நிற்கும் ஐயாமார் இருந்தால் தயவு செய்து இதைச் சொல்லுங்கள். மாதச் சம்பளக்காரருக்குத்தான் இது என்று நினைத்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

நாச்சிக்குடா எழுதியது:

ஐந்து வருடம் முழுதாகத் தேவையில்லை, 4 வருடமும் 240 நாளும் போதும் என்று யூரியூப்பில் ஒருவர் விளக்கமாகச் சொல்கிறார். சம்பளத்தை 26ஆல் பிரித்து 15ஆல் பெருக்க வேண்டுமாம். இப்போது ஒரு வருடமே போதும் என்றும் புதிய வீடியோ வந்திருக்கிறது. என் மச்சானுக்கு 4 வருடமும் 9 மாதமும். அந்தக் கணக்கில் கேட்கலாம்தானே?

நொச்சி எழுதியது:

கேட்க முடியாது அண்ணா. அது இந்தியச் சட்டம். அங்கே 1972இல் தனியாக ஒரு சட்டம் வந்தது. 10 பேர் இருந்தாலே பொருந்தும், 15/26 என்ற கணக்கும் 20 இலட்சம் இந்திய ரூபாய் என்ற உச்ச எல்லையும் அதில்தான் இருந்தன. 240 நாள் விடயம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை வைத்துச் சொல்வது. ஒரு வருடம் என்பது 2025 கார்த்திகையில் அங்கே நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில், குறித்த கால ஒப்பந்தக்காரருக்கு மட்டும்.

நமக்கு 5 என்றால் 5. உங்கள் மச்சானை இன்னும் 3 மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். வீடியோவை நம்பி இந்த மாதம் கடிதம் கொடுத்தால் அவருக்கு ஒரு சதமும் இல்லை. தமிழில் தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டு விளக்கம்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாச்சிக்குடா எழுதியது:

நல்லவேளை கேட்டேன். அடுத்த வாரம் கடிதம் கொடுக்க இருந்தான். இப்போதே போன் எடுத்துச் சொல்கிறேன்.

மாங்குளத்தான் எழுதியது:

எனக்கு வேறு ஒரு சிக்கல். 2011இல் மீள்குடியேறிய கையோடு ஒரு இடத்தில் சேர்ந்தேன். அப்போது நியமனக் கடிதமும் இல்லை, ஈ.பி.எப்பும் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. 2016இல்தான் ஈ.பி.எப் கட்டத் தொடங்கினார்கள். இப்போது விலகப் போகிறேன் என்றதும், "உன் சேவை 2016இலிருந்துதான்" என்கிறார்கள். ஐந்து வருடக் காசு போகிறது.

பாலைநிழல் எழுதியது:

அண்ணை, சேவை தொடங்குவது வேலையைத் தொடங்கிய நாளில். ஈ.பி.எப் கட்டத் தொடங்கிய நாளில் இல்லை. ஈ.பி.எப்புக்கு ஆள் எண்ணிக்கையே கிடையாது, ஒருவர் வேலை செய்தாலும் முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும், ஈ.ரி.எப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3 வீதம். அந்த ஐந்து வருடம் கட்டாதது அவர்களுடைய பிழை. அதையே காட்டி உங்கள் சேவையைக் குறைக்கப் பார்க்கிறார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிரூபிப்பதுதான் வேலை. எங்கள் பக்கத்தில் பலரிடம் இருக்கும் ஒரு கடுதாசியைச் சொல்கிறேன். 2011, 2012இல் எல்லோரும் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்தோம். அப்போது லீசிங் கொம்பனி "இவர் எங்களிடம் இன்ன திகதியிலிருந்து வேலை செய்கிறார், மாதம் இவ்வளவு சம்பளம்" என்று வேலையிடத்துக் கடிதம் கேட்டது. முதலாளி கடிதத் தலைப்பில் கையெழுத்தும் றப்பர் முத்திரையும் போட்டுக் கொடுத்திருப்பார். என் அண்ணா மோட்டார் சைக்கிள் புத்தகத்தோடு பொலித்தீன் உறைக்குள் அந்தக் கடிதத்தின் பிரதியை மடித்து வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது, ஆனால் திகதியும் முத்திரையும் தெளிவாக இருந்தன. லேபர் ஒபிசில் (தொழில் திணைக்கள அலுவலகம்) அதைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்கள்.

வங்கிப் புத்தகத்தில் மாதா மாதம் சம்பளம் விழுந்திருந்தால் அதையும் எடுங்கள். வங்கிக் கடனுக்கு, பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கு என்று வாங்கிய கடிதம், அந்தக் காலத்தில் கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம், எதையும் விடாதீர்கள். ஈ.பி.எப் கணக்குகள் மத்திய வங்கியில் இருப்பதால் அந்தப் பகுதிக்குக் கூற்றை அடையாள அட்டையைக் காட்டி எடுக்கலாம்.

மாங்குளத்தான் எழுதியது:

லீசிங் கடிதம்! மனுசிதான் பத்திரமாக வைத்திருப்பா. தேடிப் பார்க்கிறேன்.

முகமாலை எழுதியது:

நான் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் இருக்கிறேன். பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம், கணவரை இழந்தவர்களும் வீட்டுக்கு உழைக்கும் ஒரே ஆளாக இருப்பவர்களும். எங்களுக்கு வருடா வருடம் ஒப்பந்தம். நிதி வந்தால் புதுப்பிப்பார்கள். எனக்கு ஏழு ஒப்பந்தம் ஆகிவிட்டது. முழங்கால் இனி ஏலாது, நாள் முழுக்கக் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டுகிற வேலை இது. விலகலாம் என்று யோசிக்கிறேன். "ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனி, அதனால் யாருக்கும் ஐந்து வருடம் வராது" என்று களப் பொறுப்பாளர் சொல்கிறார்.

நொச்சி எழுதியது:

தங்கச்சி, ஒரு ஒப்பந்தம் முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்கியிருந்தால் அதைத் தொடர்ச்சியான சேவை என்று உறுதியாக வாதாடலாம். அதே நிறுவனம், அதே வேலை, அதே ஈ.பி.எப் இலக்கம். கடுதாசி மட்டும்தான் மாறியது. ஏழு கடிதத்தையும் திகதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். இடையில் வெற்று நாள் ஏதும் இருக்கிறதா?

முகமாலை எழுதியது:

ஐந்து தடவை மறுநாளே கிடைத்தது. ஒரு தடவை மட்டும் நிதி பிந்தியதால் மூன்று கிழமை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். பிறகு கூப்பிட்டார்கள். அது எந்த இடத்தில் விழுகிறது என்றால், இரண்டாவது ஒப்பந்தத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையில்.

நொச்சி எழுதியது:

அப்படியென்றால் உங்கள் நிலை பலமானது. மூன்று கிழமையை முறிவு என்றே அவர்கள் பிடிவாதம் பிடித்தாலும், அதற்குப் பிறகு இடைவெளியே இல்லாமல் ஐந்து ஒப்பந்தம், அதாவது ஐந்து வருடம். ஐந்தாவது வருடத்தின் கடைசி நாள் முடியும்வரை மட்டும் நில்லுங்கள், ஒரு நாளும் முந்த வேண்டாம். பிறகு, அந்த மூன்று கிழமை உங்கள் குற்றத்தால் வரவில்லை, அவர்களே நிற்கச் சொல்லி அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதைக் காட்டி ஏழு வருடத்துக்கும் கேளுங்கள். கூப்பிட்ட குறுஞ்செய்தி போனில் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். வைத்தியக் காரணத்தால் விலகுகிறீர்கள் என்றால் கடிதத்தில் அதை எழுதுங்கள்.

பிரசவ லீவு எடுத்தவர்களும் பயப்பட வேண்டாம். அது அனுமதிக்கப்பட்ட லீவு, சேவையை முறிக்காது. உங்கள் அணியில் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

தண்ணீரூற்று எழுதியது:

நான் முல்லைத்தீவில் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறேன், 17 பேர். முதலாளி பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். பத்து வருடம் நின்ற இரண்டு பேர் ஒரே மாதத்தில் விலகினால், சட்டம் சொல்கிற 30 நாளுக்குள் நான்கு இலட்சத்துக்கு எங்கே போவது? போர் முடிந்து ஒன்றுமில்லாமல் தொடங்கிய கடை இது. பிறகு கொரோனா, பிறகு 2022 நெருக்கடி. சட்டம் கொழும்புக் கொம்பனியையும் என்னையும் ஒரே தராசில் வைக்கிறது.

பாலைநிழல் எழுதியது:

உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் அது திடீரென்று வந்த செலவு இல்லை அண்ணை. பத்து வருடமாகச் சேர்ந்துகொண்டிருந்த கடன். வருடத்துக்கு அரை மாதம் என்றால் மாதச் சம்பளத்தின் 24இல் ஒரு பங்கு, 4 வீதத்துக்குச் சற்றுக் கூட. ஈ.பி.எப் கட்டும் அதே நாளில் அதையும் ஒரு தனி வைப்புக் கணக்கில் போட்டு வந்தால் தொகை பயமுறுத்தாது. சம்பளம் கூட்டும்போது பழைய வருடங்களுக்கும் கூடும், அதற்காக அப்பப்போ கொஞ்சம் மேலதிகமாகப் போட வேண்டியிருக்கும்.

இழுத்தடித்தால் கூடத்தான் போகும். 30 நாள் தாண்டினால் மேலதிகக் கட்டணம் 10 வீதத்தில் தொடங்கி, தாமதம் ஒரு வருடத்தைத் தாண்டும்போது 30 வீதம் வரை ஏறும். கையில் காசு இல்லையென்றால் ஆளைக் கூப்பிட்டு, தவணையை எழுத்தில் கேளுங்கள். எங்கள் சனம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஓம் என்றுதான் சொல்லும்.

தண்ணீரூற்று எழுதியது:

தனி வைப்புக் கணக்கு நல்ல யோசனை. இந்த மாதத்திலிருந்து போடுகிறேன். விலகுகிற இரண்டு பேரிடமும் நேரே பேசுகிறேன்.

ஒட்டுசுட்டான் எழுதியது:

களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து விலகினேன். 8 வருடம். இப்போது சரக்கு குறைகிறது என்று சொல்லி முழுப் பணிக்கொடையையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை எதுவும் நடக்கவில்லை. வேலையில் இருந்தபோது ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வந்ததில்லை.

நொச்சி எழுதியது:

பணிக்கொடையைப் பறிக்கலாம் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்வது குறிப்பிட்ட சில காரணங்களுக்கு மட்டும். மோசடி, நிறுவனப் பணத்தைக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம், பொருள் இழப்பை உண்டாக்கியது. அந்தக் காரணத்துக்காக உங்கள் சேவை முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அப்போதும் இழப்பின் அளவுக்குத்தான் பிடிக்கலாம், முழுவதையும் அல்ல. 30,000 ரூபாய்ச் சரக்குக் குறைந்தது என்று நிரூபித்தாலும் மீதியைத் தந்தே ஆக வேண்டும்.

நீங்கள் தானாக விலகியவர், விசாரணையும் இல்லை. விலகிய பிறகு கிளப்பும் கதை இது. உடனே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்ட மாதிரிப் பேசுவார்கள்.

முன்னறிவித்தல் கொடுக்காமல் போனவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். அறிவித்தல் காலத்துச் சம்பளத்தை முதலாளி கேட்கலாம். அதற்காகப் பணிக்கொடையை இல்லையென்று சொல்ல முடியாது.

கனகராயன் எழுதியது:

புது இடத்தில் ஒரு மாதம்தான் பொறுப்பார்களாம், அதனால் 6 வருடக் கணக்கோடு போகிறேன். முதலாளியிடம் சட்டத்தைச் சொன்னேன், கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு தாளை நீட்டி, "எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று கையெழுத்து வை, பிறகு பார்த்துத் தாறன்" என்றார். என்ன செய்ய?

பாலைநிழல் எழுதியது:

வைக்க வேண்டாம். கையில் வராத காசுக்குக் கையெழுத்து இல்லை. கிடைத்ததை, கிடைத்த அன்று, தொகையைக் குறித்து வாங்கியதாக எழுதுங்கள்.

விலகல் கடிதத்தில் மூன்று விடயம் தெளிவாக இருக்கட்டும். சேர்ந்த திகதி, கடைசி வேலை நாள், பணிக்கொடையைச் சட்டப்படி தருமாறு ஒரு வரி. நேரில் கொடுத்தால் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். போகும் முன் கடைசிச் சம்பளச் சீட்டையும், அந்தப் பங்குனி மாதப் பக்கத்தில் நீங்கள் கண்ட ஆள் எண்ணிக்கையையும் திகதிகளோடு குறித்து வையுங்கள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், அது அவருடைய சொத்து. விசாரணையில் அதைக் கொண்டு வரச் சொல்லித் தொழில் திணைக்களமே கேட்கும்.

30 நாள் கழிந்தும் வரவில்லையென்றால் லேபர் ஒபிசில் முறைப்பாடு. கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். இரு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்றத்தின் ஊடாக அறவிடும் அதிகாரம் தொழில் ஆணையாளருக்கு இருக்கிறது. உங்கள் முதலாளி அந்தளவுக்குப் போகமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மெதுவாகப் பேசுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

செட்டிகுளம் எழுதியது:

பிந்தி வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். வவுனியாவில் ஒரு பிரிண்டிங் கடையில் 8 வருடம் வேலை செய்து விலகினேன். விலகி நாலு மாதமாகிறது. அங்கே நாங்கள் மொத்தமே 6 பேர், ஒரு நாளும் 15 பேர் இருந்ததில்லை. எனக்கு வழியே இல்லையா?

நொச்சி எழுதியது:

இருக்கிறது, ஆனால் வேறு கதவு, அவசரமும் கூட. 15க்குக் குறைந்த இடத்தில் பணிக்கொடைச் சட்டப்படி தானாக வராது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய மன்றத்துக்கு விண்ணப்பித்துக் கேட்கலாம். உங்களுக்கு எவ்வளவு என்பதை மன்றம் முடிவு செய்யும். அரை மாதக் கணக்கு அங்கே கட்டாயம் இல்லை, நியாயம் என்று அது காண்பதைத் தரும். வீட்டு வேலைக்காரர், வீட்டுச் சாரதி தவிர, சின்னக் கடைகளில் நிற்கும் உங்களைப் போன்ற பலருக்குத் தெரியாத வழி இது.

விண்ணப்பம் சேவை முடிந்து 6 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு 4 மாதம் போய்விட்டது. கடை முதலாளி "பார்ப்பம், பார்ப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்த 6 மாதம் நிற்காது. சம்பளச் சீட்டு, ஈ.பி.எப் கூற்று, விலகல் கடிதப் பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே லேபர் ஒபிசுக்குப் போய், எந்த மன்றத்தில் எப்படித் தாக்கல் செய்வது என்று கேளுங்கள். கடைசி வேலை நாள் எந்தத் திகதி?

செட்டிகுளம் எழுதியது:

கடிதத்தில் பார்த்துவிட்டேன், இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. திங்கள் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.